இரத்தக் குழாயின் சுவர்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் மருத்துவ அன்பர் ஒருவர் ஆற்றிய உரை)



இயலும் இசையும் நாடகமும் பொலியவேண்டிய இம்மேடையில் ஒரு மருத்துவனை ஏற்றிவிட்டார் நம் செயலாளர். அடுத்து நாடகம் இருப்பதால் பேச்சைச் சுருக்கிக்கொள்ளவேண்டும் என்றும் அன்புக் கட்டளை இட்டிருக்கிறார். ஆகவே ஒரே பொருளைப் பற்றிப் பேச விழைகிறேன். அது நம் இரத்தக் குழாயின் சுவர்.

“நேற்று மாலைவரை நன்றாகத்தானே இருந்தார்!” மாரடைப்பால் ஒருவர் திடீரென மறைந்தால் காலனியில் அனைவரும் சொல்லும் சொல் இது. உற்றாரும் உறவினரும் இரண்டு நாள் ரயில் தொலைவில் இருக்க, அயல் மாநிலத்தில் குடும்பம் நடத்தும் நமக்கு அச்சொல்லின் கொடுமை நன்கு தெரியும். ஆயினும், பெரும்பாலும் அவர் நேற்றுவரை நன்றாக இருந்தவர் அல்லர். நன்றாக இருப்பதாகத் தோன்றியவர்.

கொரியப் போரில் மாண்ட 300 அமெரிக்க வீரர்களின் இருதயங்களை ஆராய்ந்த இராணுவ மருத்துவர்கள், 1953ஆம் ஆண்டில் தங்கள் முடிவை வெளியிட்டனர். வயது தெரிந்தவர்களின் சராசரி வயது 22தான். அவ்வீரர்களுள் நூற்றுக்கு 77 பேரின் இருதயத் தமனிகளில் நோயின் தடயம் கண்ணுக்கே தெரிந்தது. போர்முனைக்குத் தகுதியுடையவர் என்று தேர்ந்தெடுக்கப்பட்ட வாலிபர்கள் அவர்கள்!

தமனியின் சுவர் மூன்று அடுக்குகளால் ஆனது. உள்ளே மெல்லிய படலம், நடுவே தசை, வெளியே உறை. இரத்த அழுத்தமும் சர்க்கரையும் புகையிலையும் உட்படலத்தை நாளும் நைந்துபோகச் செய்கின்றன. நைந்த இடத்தில் கொழுப்பு ஊடுருவுகிறது. அதனை விழுங்க வரும் வெள்ளை அணுக்கள் விழுங்கி விழுங்கிப் பருத்து அங்கேயே தங்கிவிடுகின்றன. இந்நோய்க்கு 1904இல் பெயரிட்ட பெலிக்ஸ் மார்ச்சண்ட் என்ற ஜெர்மானிய அறிஞர், ‘கூழ்’, ‘இறுக்கம்’ என்று பொருள்படும் இரு கிரேக்கச் சொற்களை இணைத்தார். உள்ளே கூழ், வெளியே இறுகிய ஓடு. பொருத்தமான பெயர்தான். (நம் கேழ்வரகுக் கூழுக்கு இதில் யாதொரு பங்கும் இல்லை என்று தாய்மார்களுக்கு உறுதி கூறுகிறேன்!)

இங்கே ஒரு விந்தையைச் சொல்லவேண்டும். சுவர் தடித்தால் வழி குறுகும் என்றுதானே நினைப்போம்? தொடக்கத்தில் அப்படி நிகழ்வதில்லை. இரண்டு அறைக் குவார்ட்டர்ஸில் குடும்பம் பெருகினால் வராந்தாவை அடைத்து இன்னோர் அறையாக்கிக் கொள்கிறோம் அல்லவா? தமனியும் அவ்வாறே வெளிப்புறமாக விரிந்து இடம் தேடிக்கொள்கிறது. படிவு குழாயின் பரப்பில் ஏறத்தாழ நூற்றுக்கு 40 பங்கை அடைக்கும்வரை இரத்தம் ஓடும் வழி குறைவதில்லை என்று கிளாகோவ் என்பவரும் அவர்தம் குழுவினரும் 1987இல் காட்டினர். ஆதலால் வலி இல்லை, மூச்சு முட்டுவதில்லை, வழியை மட்டும் படம் பிடிக்கும் ஆஞ்சியோகிராமுக்கும் அந்நோய் தப்பிவிடலாம். சுவரைத்தான் பார்க்கவேண்டும்.

இருதயத் தமனிகளோ மார்புக்கூட்டினுள் ஓயாது அசைபவை. ஆனால் கழுத்தின் இருபுறமும் மூளைக்கு இரத்தம் கொண்டுசெல்லும் தமனிகள் தோலுக்கு அருகிலேயே இருக்கின்றன. காதுக்குக் கேளாத ஒலியலைகளை அவற்றின்மீது செலுத்தி, சுவரின் உள்ளடுக்கும் நடு அடுக்கும் சேர்ந்த தடிப்பை அளக்கலாம் என்று இத்தாலியின் பாவலோ பிக்னோலியும் அவருடைய தோழர்களும் 1986இல் எழுதினர். திரையில் இரண்டு இணைகோடுகள் தோன்றும். அவற்றின் இடைவெளியே அளவு. ஊசி இல்லை, எக்ஸ்ரே இல்லை, வலி இல்லை. இளமையில் அது அரை மில்லிமீட்டரை ஒட்டி இருக்கும், வயதோடு வளரும். 0.9 மில்லிமீட்டருக்கு மேற்பட்டால் சுவர் பழுதுற்றதன் அடையாளம் என்று 2013இல் ஐரோப்பிய மருத்துவ நெறிமுறை குறித்தது. அமெரிக்காவில் 65 வயது கடந்த ஏறத்தாழ 4,500 பேரை ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து கவனித்த ஆய்வு 1999இல் வெளிவந்தது. தடிப்பு மிகுந்தவர்களுக்கே மாரடைப்பும் பக்கவாதமும் மிகுதியாக வந்தன என்று அது கண்டது.

அப்படியானால் நாளைக்கே அனைவரும் கழுத்தை அளந்துகொள்ள ஓடவேண்டுமா? வேண்டா. 2010இல் இச்சோதனையை ஏற்கத்தக்கது என்ற அமெரிக்க இருதய நிபுணர் சங்கங்களே, 2013இல் வழக்கமான சோதனையாகச் செய்யவேண்டா என்று கூறிவிட்டன. அளப்பதோ மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு. அளப்பவர் கை சற்றுப் பிசகினாலும் கணக்கு மாறும். மேலும், வயது, இரத்த அழுத்தம், கொலஸ்ட்ரால், சர்க்கரை, புகைப்பழக்கம் இவை கூறும் செய்திக்குமேல் அது கூட்டிச் சொல்வது சிறிதே. சுவரில் திட்டாகப் படிவு புடைத்திருப்பது தெரிந்தால் அது வேறு. மருந்து தொடங்கலாமா என்று மருத்துவர் ஐயுறும்போது அச்செய்தி உதவும். விளம்பரத் தாள்களில் வரும் ‘முழு உடல் பரிசோதனை’ப் பட்டியலில் இச்சோதனையைக் கண்டு பணத்தைக் கொட்டவேண்டா என்பது என் கருத்து. அளவு சரியாக வந்தது என்பதற்காக மீண்டும் சிகரெட்டைப் பற்றவைப்பவரும் உண்டு. அவருக்கு அச்சோதனை செய்யாமலிருந்ததே நன்று!

சுவரை நைக்கும் பகைவர்களை அளக்க விலையுயர்ந்த கருவி வேண்டுவதில்லை. வரும் ஞாயிறு காலை 9 மணி முதல் சங்க நூலக அறையில் இரத்த அழுத்தமானியுடன் அமர்ந்திருப்பேன். காப்பி அருந்தி அரைமணி நேரமாவது கழிந்தபின் வாருங்கள். நாற்பது வயதாகட்டும் என்று இளைஞர்கள் காத்திருக்கவேண்டா. அவர்களையே நான் முதலில் எதிர்பார்க்கிறேன்.