அழியாமை என்னும் பணி

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு விழாவில், அவிநாசியில் ஆற்றப்பெற்ற உரை)



அவிநாசி என்னும் சொல்லுக்கு அழிவில்லாதது என்பது பொருள். திருப்புக்கொளியூர் என்பது இத்தலத்தின் பழம்பெயர். இவ்வூருக்கு வந்த சுந்தரர், ஒரு வீட்டில் மங்கல ஒலியையும் எதிர்வீட்டில் அழுகுரலையும் கேட்டார். குளத்தில் நீராடச் சென்ற சிறுவர் இருவருள் ஒருவனை முதலை விழுங்கிற்று. தப்பி வந்தவனுக்கு ஆண்டுகள் சில கழித்துப் பூணூல் திருமணம் நடக்கிறது. மகனை இழந்தவர்களோ இன்னும் அழுகின்றனர். சுந்தரர் பதிகம் பாடினார். முதலை பிள்ளையைக் கரையில் உமிழ்ந்தது. அவன் இடைப்பட்ட ஆண்டுகளின் வளர்ச்சியோடும் வந்தான் என்பது இக்கதையின் தனிச்சிறப்பு.

காலம் என்னும் முதலை விழுங்கிய நூல்களை அந்த வளர்ச்சியோடு மீட்டுத் தரும் இடம் ஒன்று உண்டெனில், அது ஆய்வு நூலகமே. அங்கே பாடுபவர் யார் என்பதுதான் இவ்வுரையின் பொருள்.

பல்கலைக்கழக நூலகங்களில் தொகுப்புப் பணிக்கென ஒரு தலைவர் இருப்பார். எதை வாங்குவது, எதை விடுவது, வந்ததை எங்ஙனம் பட்டியலிடுவது, சிதைவதை எங்ஙனம் காப்பது, எதனைப் பிற நூலகங்களோடு பகிர்ந்துகொள்வது ஆகிய ஐந்தும் அவர் பொறுப்பு. வாசகர் அவர் பெயரை அறியார். ஆயினும், ஐம்பது ஆண்டுகளுக்குப் பின் வரும் ஆய்வாளன் எதனை எழுத இயலும், எதனை எழுத இயலாது என்பதை இன்றே முடிவு செய்பவர் அவர்தாம். ஓர் ஏட்டை வேண்டாமென்று அவர் ஒதுக்கும்போது, இன்னும் பிறவாத ஒரு வரலாற்று நூலின் ஓர் இயலும் உடன் ஒதுங்கிவிடுகிறது.

தமிழகம் இப்பணியை அறியாத நாடன்று. சீர்காழியிற் பிறந்த கணிதப் பேராசிரியர் எஸ். ஆர். இரங்கநாதன் 1924-இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகராகப் பொறுப்பேற்றார். 1931-இல் அவர் வெளியிட்ட ஐந்து விதிகளை உலக நூலகர்கள் இன்றும் பயில்கின்றனர். அவற்றுள் ஒன்று, ஒவ்வொரு நூலும் தனக்குரிய வாசகரை அடையச் செய்வதைப் பற்றியது. வாசகர் தேடி வரும்வரை நூல் காத்திருக்க வேண்டும். காத்திருக்கும் காலம் ஒரு தலைமுறையாகவும் இருக்கலாம்.

அவ்வாறு காத்திருந்த ஒரு நூலின் கதை கவிஞர்கள் அறியவேண்டுவது. 1962-இல் சிகாகோ பல்கலைக்கழகத்திற்குப் புதிதாகச் சென்ற ஏ. கே. இராமானுஜன், பழந்தமிழ் இலக்கணம் ஒன்றைத் தேடி ஒரு சனிக்கிழமை நூலகத்தின் கீழ்த்தளத்துக்குள் இறங்கினார். அங்கே அவர் கையில் அகப்பட்டது உ. வே. சாமிநாதையர் 1937-இல் பதிப்பித்த குறுந்தொகை. அடுக்குகளுக்கிடையே தரையில் அமர்ந்து அதனைப் படிக்கத் தொடங்கினார். உரை அவருக்குப் பாட்டைத் திறந்து காட்டிற்று. ஐந்தாண்டு கழித்து, 1967-இல், அவருடைய குறுந்தொகை மொழிபெயர்ப்பு ஆங்கிலத்தில் வெளிவந்தது. சங்கப் பாட்டு உலகக் கவிஞர்களின் மேசைக்கு வந்து சேர்ந்தது. தமிழ் படிப்பவர் மிகச் சிலரே இருந்த அந்நகரில் அந்நூலை வாங்கி அடுக்கில் வைத்த கை எவருடையதோ, அக்கை செய்ததே தொகுப்புப் பணி.

அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் இந்திய நூல்களைப் பெருமளவில் வாங்கத் தொடங்கியதும் அதே 1962-இல்தான். பி.எல். 480 என்னும் சட்டத்தின்படி இந்தியாவுக்கு விற்ற கோதுமைக்கு விலையாகச் சேர்ந்த ரூபாயில் ஒரு பகுதி நூல்களாக மாறிற்று. அந்நாட்டுப் பல்கலைக்கழகங்கள் பலவற்றுக்கும் தமிழ் நூல்கள் சென்றன. ஆயின் அத்திட்டம் அன்றன்று வெளிவந்தவற்றைத்தான் வாங்கியது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் அச்சுநூல்களும், நாடகத் துண்டறிக்கைகளும், தெருவில் விற்ற சிறு பாட்டுப் புத்தகங்களும் அதன் வலைக்குள் அகப்படவில்லை.

அவற்றைச் சேர்த்தவர் ஒரு தனி மனிதர். செட்டிநாட்டுக் கோட்டையூரைச் சேர்ந்த ரோஜா முத்தையா விளம்பரப் பலகை எழுதும் ஓவியர். சென்னை மூர் மார்க்கெட்டின் பழைய புத்தகக் கடைகள் அவரைப் பற்றிக்கொண்டன. நூல், இதழ், நாடக அறிவிப்பு, திருமண அழைப்பிதழ், கடிதம் எனப் பிறர் குப்பை என்றவற்றையெல்லாம் அவர் ஊருக்குக் கொண்டு சென்று சேர்த்தார். அவர் 1992-இல் மறைந்தபோது ஏறத்தாழ ஓர் இலட்சம் உருப்படிகள் கோட்டையூரில் இருந்தன. பிரித்து விற்றால் தொகுப்பு சிதறும். பிரிக்காது விட்டால் கரையான் தின்னும்.

1994-இல் சிகாகோ பல்கலைக்கழகம் அத்தொகுப்பை முழுமையாக விலைக்கு வாங்கியது. அப்பல்கலைக்கழக நூலகத்தில் தெற்காசியத் தொகுப்புக்கு நெடுங்காலம் பொறுப்பு வகித்த ஜேம்ஸ் நை இம்முயற்சியில் முன்னின்றவர். வாங்கியவர் தம் நாட்டுக்குக் கொண்டுபோவதே உலக வழக்கம். ஐரோப்பிய நூலகங்களில் உறங்கும் தமிழ் ஏட்டுச்சுவடிகள் அவ்வழக்கத்தின் சான்றுகள். ஆனால் இங்கே முடிவு வேறாக இருந்தது. மூலங்கள் தமிழ் மண்ணிலேயே இருக்கும். நுண்படச் சுருள்களில் படியெடுத்துப் படி மட்டும் கடல் கடக்கும். மொழி அறக்கட்டளையின் துணையோடு சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் உருவாயிற்று. முதலில் முகப்பேரில் இயங்கிய அந்நூலகம் 2005 முதல் தரமணியில் இயங்குகிறது. பின்னர் அதன் பொறுப்பும் இந்திய அறக்கட்டளை ஒன்றிடமே வந்தது.

இம்முடிவில் பெருமையும் உண்டு, நாணமும் உண்டு. ஓர் ஓவியர் தம் வாழ்நாளைச் செலவிட்டுச் சேர்த்ததைத் தாங்குவதற்குத் தமிழகத்தின் கருவூலமோ பல்கலைக்கழகமோ முன்வராமல், ஏழு கடலுக்கு அப்பாலுள்ள ஒரு நூலகம் முன்வர நேர்ந்தது. இந்த நாணத்தை மறைத்துக்கொண்டு பெருமையை மட்டும் பேசுதல் முறையன்று.

படி மட்டும் அயல்நாடு செல்வதும் அறிவு வெளியேறுதல்தானே என்று வினவுவோர் உளர். அதற்கு யாழ்ப்பாணம் விடை கூறுகிறது. 1981-ஆம் ஆண்டு மே மாத இறுதியிலும் சூன் முதல் நாளிலும் எரிந்த யாழ்ப்பாணப் பொது நூலகத்தில் ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் சாம்பலாயின. கட்டடத்தை மீண்டும் எழுப்ப இயன்றது. ஒற்றைப் படியாக இருந்த சுவடிகளை எழுப்ப இயலவில்லை. மூலம் உரிய மண்ணில் இருத்தல் நீதி. படி வேறிடங்களில் இருத்தல் காவல். தொகுப்புப் பணித் தலைவர் என்பவர் இவ்விரண்டையும் ஒருங்கே எண்ணத் தெரிந்தவர்.

காகிதம் ஏன் சிதைகிறது என்பதை இந்த வட்டாரத்தார் எளிதில் உணர்வர். முற்காலத்தில் மேலைநாட்டுக் காகிதம் பருத்தி, சணல் ஆகியவற்றின் கந்தல் துணியிலிருந்து செய்யப்பட்டது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இடைப்பகுதிக்குப் பின் மரக்கூழ் வந்தது. மை ஊறாதிருக்கப் படிகாரம் சேர்த்தனர். அதனால் விளைந்த அமிலமே தாளை மஞ்சளாக்கி நொறுக்குகிறது. திருப்பூர்ப் பனியன் வெட்டில் மிஞ்சும் பருத்தித் துண்டிலிருந்து செய்த கைத்தாள் தாங்கும் காலத்தை, இந்நூற்றாண்டுக் கவிதை நூல்களின் மலிவுத் தாள் தாங்காது. கழிவென்று கட்டி வைத்தது நிலைக்கிறது; கவிதையென்று அச்சிட்டது உதிர்கிறது.

இம்மண்ணுக்கு நூலகத் தொண்டில் ஒரு மரபும் உண்டு. திருப்பூரிற் பிறந்த தி. சு. அவிநாசிலிங்கம் சென்னை மாகாணக் கல்வி அமைச்சராக இருந்தபோதுதான் 1948-இன் பொது நூலகச் சட்டம் நிறைவேறியது. வீட்டு வரியோடு நூலக வரியும் சேர்ந்தது. அச்சட்டத்தால் ஊர்தோறும் நூலகம் வந்தது. எனினும் பொது நூலகம் இன்றைய வாசகருக்கானது. கிழிந்ததைக் கழித்துப் புதியதை வாங்குவது அதன் இயல்பு. ஆய்வு நூலகம் நாளைய வாசகருக்கானது. ஒருவரும் கேட்காததையும் காத்திருப்பது அதன் அறம். ஒன்று மற்றொன்றின் வேலையைச் செய்யாது.

இனி இந்த வட்டத்தாரை நோக்கி ஒரு சொல். பத்தாண்டுகளில் இங்கே எத்தனை கூட்டங்கள் நடந்தன, எத்தனை அழைப்பிதழ்கள் அச்சாயின, எத்தனை கவிஞர்கள் கைப்பணம் செலவிட்டு முந்நூறு படி, ஐந்நூறு படி என நூல் வெளியிட்டனர் என்பதை உறுப்பினர்கள் அறிவர். அவற்றுள் எத்தனை ஒரு நூலகத்தின் பட்டியலில் ஏறின? வெளியாகும் ஒவ்வொரு நூலின் படியையும் முப்பது நாட்களுக்குள் கொல்கத்தா தேசிய நூலகத்துக்கும், சென்னைக் கன்னிமாரா உள்ளிட்ட நூலகங்களுக்கும் அனுப்பவேண்டும் என்று 1954-ஆம் ஆண்டின் நூல் ஒப்படைப்புச் சட்டம் கூறுகிறது. நூலைத் தாமே வெளியிடும் கவிஞர்க்கும் அது பொருந்தும். நண்பர்களுக்கு அன்பளிப்பாக நூறு படி கொடுப்பவர், நூலகத்துக்கு ஒரு படி அனுப்ப மறந்துவிடுகிறார்.

புகழ்பெற்றவரின் நூல் எங்ஙனமாவது பிழைத்துக்கொள்ளும். புகழ் பெறாதவரின் சிறு நூலுக்கும், வட்டத்தின் துண்டறிக்கைக்கும், நான்கு இதழோடு நின்றுபோன சிற்றிதழுக்கும் வேறு துணையில்லை. வட்டத்தின் செயலாளர் ஒரு பெட்டியை வைத்து, வெளியாகும் ஒவ்வொன்றிலும் இரு படிகளை அதிலிட்டு, நாளும் ஆண்டும் குறித்து வைப்பாராயின், அவரும் ஒரு தொகுப்புப் பணித் தலைவரே. ஒரு படி இவ்வூரில் இருக்கட்டும். மற்றொன்று ஆய்வு நூலகம் ஒன்றுக்குச் செல்லட்டும்.

சுந்தரர் கேட்டது அழுகுரலை. அக்குரல் எழுந்த வீட்டார் இழந்ததை இழந்ததென்று அறிந்திருந்தனர். ஆகவே அவர்களுக்காகப் பாட ஒருவர் வந்தார். தன்னிடம் என்ன இருந்தது என்றே அறியாத வீட்டில் அழுகுரலும் எழுவதில்லை. அவ்வீட்டின் பிள்ளையை மீட்கப் பாடுவாரும் இல்லை. பெயரிலேயே அழியாமையைத் தாங்கிய ஊரில் நடக்கும் இவ்விழா, அந்தப் பெட்டியை இன்றே திறந்து வைக்குமாயின், அதன் பயன் நூறாண்டுக்குப் பின்வரும் ஒரு வாசகருக்குத் தெரியும்.