தமதெனக் கொண்ட பணி



ஏவலாற் செய்யும் வேலை ஏவுவோர் அகன்றதும் நின்றுவிடும். தனதெனக் கொண்ட வேலையோ நில்லாது. சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளையைப் பாருங்கள். வட்டுக்கோட்டைச் செமினரியிற் கற்றவர். 1857இல் நிறுவப்பெற்ற சென்னைச் சர்வகலாசாலையின் முதற் பட்டதாரிகள் இருவருள் ஒருவர். உயர்ந்த உத்தியோகமும் அவருக்கு இருந்தது. எனினும், செல்லரித்த ஏடுகளைத் தேடித் திரட்டி, ஒன்றோடொன்று ஒப்புநோக்கி, 1881இல் வீரசோழியம், 1885இல் தொல்காப்பியப் பொருளதிகாரம், 1887இல் கலித்தொகை என அச்சேற்றினார். எந்த மேலதிகாரியும் இதனை அவருக்கு விதித்தாரல்லர். அழியும் நூல்களைக் காப்பது தம் கடனென்று தாமே கொண்டார்.

நம் மாணவரோ பரீட்சை முடிந்த மறுநாளே புத்தகத்தை மூடிவிடுகின்றனர். சோம்பலென்று கடிதல் எளிது. பாடத்தைத் தெரிந்தவர் யார் என்று கேட்பாரில்லை. பெற்றோர்களே, வைத்தியமா பொறியியலா என்று நீங்கள் முடிவுசெய்யுமுன் பிள்ளையை ஒருமுறை கேளுங்கள். நமது அடுத்த ஆண்டு விழாவையும் இளைஞரே வகுக்க விடுங்கள்.