கை கழுவாதது யாரோட பிழை?

போன மாசம் ஒரு வாரம் எபிசோடு வரலையேன்னு கேட்டிருந்தீங்க. ஊருக்குப் போயிருந்தேன், திருத்துறைப்பூண்டிக்கு. அப்பாயி வாசல்ல வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிஞ்சிடுச்சு. டெல்டாவுல ஒரு ஆஸ்பத்திரியில ஆபரேஷன். பேர் வேணாம்.

ராத்திரி துணைக்கு நானும் அம்மாவும். நாள் முழுக்க சர்வர் லாக் பாக்குற கண்ணு சும்மா இருக்குமா? சிஸ்டர் ஒரு கட்டில்ல ட்ரிப் மாத்தினாங்க, அடுத்ததுல ஊசி போட்டாங்க, அங்கேர்ந்து நேரா அப்பாயியோட கட்டைத் தொட வந்தாங்க. நடுவுல கை கழுவல. எனக்கு பக்குன்னு ஆயிடுச்சு. கேக்கலாம்னு எழுந்தா அம்மா சட்டையைப் பிடிச்சு இழுக்குறாங்க. "பேசாம இருடா, அவங்க கோச்சுக்கிட்டா நாளைக்கு யாரு பாப்பா?" உக்காந்துட்டேன். அது இன்னும் உறுத்துது.

அப்புறம்தான் வார்டைச் சுத்திப் பாத்தேன். 24 கட்டில், ஒரே சிஸ்டர். குழாய் ஒண்ணே ஒண்ணு, கடைசியில கக்கூஸ் பக்கத்துல. சோப்பு போட்டு ஒழுங்கா கழுவ 40லேர்ந்து 60 செகண்ட் ஆகும்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. ஒவ்வொரு தடவையும் நடந்து போய் கழுவிட்டு வந்தா பாதி ஷிஃப்ட் குழாயடியிலேயே போயிடும். நம்ம பாஷையில சொன்னா, யூசரைத் திட்டிட்டு டிசைனை விட்டுடறோம்.

இதே கணக்கை ஜெனீவா பல்கலைக்கழக மருத்துவமனையில டிடியே பித்தேன்னு ஒரு டாக்டர் போட்டாரு. 1994ல, கை சுத்தம் பண்ண வேண்டிய நேரங்கள்ல 48 சதவீதம்தான் பண்ணினாங்க. வேலை நெருக்கடி கூடக் கூட இது குறைஞ்சுது. அவர் யாருக்கும் மெமோ கொடுக்கல. கட்டில் பக்கத்துலயே ஆல்கஹால் திரவ பாட்டில் வச்சாங்க, பாக்கெட்லயும் ஒண்ணு. தேய்க்க 20, 30 செகண்ட் போதும், நடக்க வேண்டாம். வார்டுல போஸ்டர் ஒட்டி, எவ்வளவு பேர் பண்றாங்கன்னு ஊழியர்கள்கிட்டயே திருப்பிக் காட்டினாங்க. 1997ல 66 சதவீதம். ஆஸ்பத்திரியில தொத்துற கிருமி பாதிப்பு 16.9லேர்ந்து 9.9 சதவீதமாச்சு. அந்தத் திரவமும் பெரிய ராக்கெட் சயின்ஸ் இல்ல. எத்தனால், கிளிசரின், ஹைட்ரஜன் பெராக்சைடு, சுத்தமான தண்ணி. ஆஸ்பத்திரி மருந்தகத்துலயே கலக்கலாம். கையில ரத்தமோ அழுக்கோ தெரிஞ்சா சோப்பும் தண்ணியும்தான்.

இன்னொண்ணு, போஸ்டர்ல என்ன எழுதறோம்ங்கறது. ஆடம் கிராண்ட், டேவிட் ஹாஃப்மன்னு ரெண்டு பேர் 2011ல வெளியிட்ட ஆய்வு. 'உங்களுக்கு நோய் வராது'ன்னு எழுதினா அசையாத ஊழியர்கள், 'நோயாளிக்கு நோய் வராது'ன்னு எழுதினதும் அதிகமா கை சுத்தம் பண்ணினாங்க.

மறுநாள் காலையில மெடிக்கல்ல அரை லிட்டர் பம்ப் பாட்டில் வாங்கி அப்பாயி கட்டில் கால்மாட்டுல கட்டினேன். சிஸ்டர் வந்து பாத்தாங்க. நான் வேற பக்கம் திரும்பிக்கிட்டேன். ரெண்டு தடவை அமுக்கித் தேய்ச்சுக்கிட்டே கேட்டாங்க: "நல்லதுதான் தம்பி. இப்ப பாட்டியைத் தூக்கி உக்கார வச்சீங்களே, நீங்க போட்டீங்களா?"

போடல.