சேமிப்பு வேறு, பதுக்கல் வேறு



அரிசி, பருப்பு, எண்ணெய், உப்பு முதலிய பொருள்களை வீட்டில் சேர்த்து வைப்பதைப் பற்றி இன்று உங்களோடு சிறிது நேரம் பேச விரும்புகிறேன். “இஃது அடுக்களைச் செய்தி அன்றோ? பள்ளியிலும் கல்லூரியிலும் பயிலும் எங்களுக்கு இதில் என்ன உண்டு?” என்று உங்களுள் சிலர் எண்ணக்கூடும். அடுக்களைச் செய்திதான். ஆயினும், நாட்டின் பொருளாதாரம் முழுவதும் இறுதியில் வந்து சேரும் இடம் அடுக்களையே என்பதை நாம் மறந்துவிடலாகாது. விலை ஏறுமோ, வேலை போகுமோ, கடை மூடுமோ என்று மக்கள் ஐயுறும் காலம் ஒவ்வொரு தலைமுறைக்கும் வந்தே தீருகிறது. அக்காலத்தில் ஒரு குடும்பம் அமைதியாக நடந்துகொள்கிறதா, அலைபாய்கிறதா என்பதில் அக்குடும்பத்தின் நலம் மட்டுமன்றி, அடுத்த வீட்டாரின் உணவும் அடங்கியிருக்கிறது.

நான் பிறந்து வளர்ந்தது காவிரிக் கரையில் உள்ள ஒரு சிற்றூர். எங்கள் பாட்டியார் வீட்டில் ஒரு குதிர் இருந்தது. உங்களுள் பலர் குதிரைப் பார்த்திருக்கமாட்டீர்கள். மண்ணால் செய்த உறைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, இடைவெளிகளை மண்ணும் சாணமும் குழைத்துப் பூசி, ஆள் உயரத்திற்கு எழுப்பிய நெற்களஞ்சியம் அது. அறுவடை முடிந்ததும், நன்கு காய்ந்த நெல்லை மேல்வாய் வழியாகக் கொட்டுவார்கள். அடிப்பகுதியில் ஒரு சிறு துளை இருக்கும். அதைத் துணியால் அடைத்து வைத்திருப்பார்கள். வேண்டும்போது அடைப்பை நீக்கினால் நெல் கூடையில் வந்து விழும். மேலே போட்டு, கீழே எடுப்பதால், முன்னே வந்த நெல்லே முன்னே செலவாகும். பழையது அடியில் கிடந்து கெடுவதற்கு இடமே இல்லை. ஏட்டுக் கல்வி பெறாத மக்கள் கண்ட இந்த ஏற்பாட்டை, இன்றைய பெரும் பண்டகசாலைகளும் ஒரு விதியாகப் போற்றி வருகின்றன.

பாட்டியார் குதிரை நிரப்பியது தை, மாசி மாதங்களில். ஊரெங்கும் நெல் மலிந்து கிடந்த காலத்தில். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் வயல் வேலை நின்றுபோகும். அப்போது கூலி இல்லாத வீட்டுப் பெண்கள் கொல்லைப்புறம் வந்து நிற்பார்கள். பாட்டியார் மரக்காலை எடுத்துக்கொண்டு குதிரண்டை போவார். நான் ஒருநாள், “எல்லாருக்கும் கொடுத்துவிட்டால் நமக்கு?” என்று கேட்டேன். “நமக்கு வேண்டியதைத் தை மாதமே கணக்குப் பார்த்துவிட்டேன், தம்பி. இது அவர்கள் கணக்கு” என்றார். சேமிப்பு என்ற சொல்லுக்கு இதனினும் சிறந்த விளக்கத்தை நான் பிற்காலத்தில் எந்தப் பயிற்சிக் கல்லூரியிலும் கேட்டதில்லை.

இனி, இதற்கு நேர்மாறான காட்சிகள் இரண்டைக் காண்போம்.

1973ஆம் ஆண்டு அக்டோபரில் மேற்காசியாவில் போர் மூண்டது. அரபு நாடுகள் எண்ணெய் ஏற்றுமதியைக் குறைத்தன. எண்ணெய் விலை சில மாதங்களில் ஏறத்தாழ நான்கு மடங்காயிற்று. எண்ணெய்க்குப் பிற நாடுகளையே நம்பியிருந்த ஜப்பானில், ‘இனிக் காகிதம் கிடைக்காது’ என்றொரு பேச்சுப் பரவியது. நவம்பர்த் தொடக்கத்தில், ஒசாகா நகரை அடுத்த செந்ரி என்னும் புதிய குடியிருப்பில் இருந்த ஒரு கடையின் முன் இல்லத்தரசியர் திரண்டனர். அவர்கள் வாங்க வந்தது உணவுப் பொருளன்று. கழிவறையில் பயன்படும் காகிதச் சுருள்! சில மணி நேரத்தில் கடை காலியாயிற்று. செய்தித்தாள்கள் அதனை வெளியிட்டதும், நாடெங்கும் அதே கூட்டம். உண்மையில் ஆலைகளில் காகித உற்பத்தி குறையவே இல்லை.

நம் நாட்டில் 2016ஆம் ஆண்டு நவம்பர் 8ஆம் நாள் 500 ரூபாய், 1000 ரூபாய்த் தாள்கள் செல்லாதவை ஆக்கப்பட்டன. மக்கள் ஏற்கெனவே கலங்கியிருந்த அந்த வாரத்திலேயே, உத்தரப் பிரதேசத்திலும் தில்லியிலும் ‘உப்புத் தட்டுப்பாடு’ என்ற வதந்தி எழுந்தது. ஒரே இரவில் கடைகள் முற்றுகையிடப்பட்டன. உப்பைப் பன்மடங்கு விலை கொடுத்து வாங்கியவர்கள் பலர். உப்பு விளைச்சலில் உலகின் முன்னணி நாடுகளுள் ஒன்று நம் நாடு. குசராத்துக் கடற்கரையிலும் நம் தூத்துக்குடியிலும் மலைபோல் குவிந்து கிடக்கும் பொருள் அது. அதற்கே தட்டுப்பாடு என்று நம்பினார்கள் என்றால், அச்சத்தின் ஆற்றலை என்னென்பது!

அமெரிக்கச் சமூகவியல் அறிஞர் இராபர்ட் மெர்ட்டன் 1948ஆம் ஆண்டில் எழுதிய கட்டுரை ஒன்றில் இத்தகைய நிகழ்ச்சிகளுக்கு ஒரு பெயர் தந்தார். தன்னைத் தானே மெய்யாக்கிக்கொள்ளும் கூற்று என்று அதனைத் தமிழில் கூறலாம். தொடக்கத்தில் பொய், எல்லாரும் நம்பியதால் மெய்.

இதனைக் கணக்காகவே போட்டுப் பார்ப்போம். ஒரு தெருவில் 100 வீடுகள். ஒவ்வொரு வீட்டிலும் வாரம் அரைக் கிலோ துவரம்பருப்பு செலவாகிறது. ஆகவே வணிகர் வாரம் 50 கிலோ கொண்டுவந்து வைக்கிறார். ஒருநாள் வதந்தி எழுகிறது. ஒவ்வொரு வீட்டாரும் ஒரு மாதத்துக்கு வேண்டிய 2 கிலோவை உடனே வாங்க ஓடுகின்றனர். வேண்டுவது 200 கிலோ. இருப்பது 50 கிலோ. முதலில் வந்த 25 வீட்டாருக்குக் கிடைக்கும். 75 வீட்டார் வெறுங்கையோடு திரும்புவர். இங்கே கொடியவர் எவரும் இல்லை. பேராசைக்காரர் எவரும் இல்லை. ஆயினும் தட்டுப்பாடு வந்துவிட்டது.

அதே தெருவில், வசதியுள்ள 80 வீட்டார் அமைதியான நாள்களில் வாரத்துக்குக் கால் கிலோ கூடுதலாக வாங்குவதாகக் கொள்வோம். வணிகர் 50 கிலோவுக்குப் பதிலாக 70 கிலோ தருவிப்பார். அவருக்கு அது கடினமன்று. எட்டே வாரங்களில் அந்த 80 வீடுகளிலும் 2 கிலோ இருப்பு உண்டாகிவிடும். பின்னர் வழக்கம்போல் வாங்கினால் போதும். இப்போது வதந்தி எழட்டும். அந்த 80 வீட்டாரும் கடைக்குப் போகவேண்டிய தேவையே இல்லை. அன்றாடம் கூலி பெற்று அன்றாடம் வாங்கும் எஞ்சிய 20 வீட்டாரும் ஆளுக்கு 2 கிலோ வாங்கினாலும் 40 கிலோதான். கடையில் 10 கிலோ மீதியும் இருக்கும்!

இரண்டு கணக்குகளிலும் ஒரு வீட்டின் இருப்பு 2 கிலோவே. அளவில் வேறுபாடு இல்லை, காலத்தில்தான் வேறுபாடு. மலிந்த காலத்தில் சிறுகச் சிறுகச் சேர்ப்பவன், நெருக்கடி நாளில் வரிசையில் தன் இடத்தை இல்லாதவனுக்கு விட்டுக்கொடுக்கிறான். நெருக்கடி நாளில் அள்ளிச் சேர்ப்பவனோ, இல்லாதவன் பங்கையும் எடுத்துக்கொள்கிறான். முன்னது சேமிப்பு, பின்னது பதுக்கல்.

பருப்போடு போயிற்று என்று எண்ணவேண்டா. 1943ஆம் ஆண்டு வங்காளத்தில் இலட்சக்கணக்கான மக்கள் பஞ்சத்தால் மாண்டனர். உலகப் போர், பர்மா அரிசி வராமை, 1942ஆம் ஆண்டுப் புயல், பணவீக்கம், அரசின் தவறுகள் எனக் காரணங்கள் பல. சிறுவயதில் அப்பஞ்சத்தை நேரில் கண்ட பொருளாதார அறிஞர் அமர்த்தியா சென், 1981ஆம் ஆண்டு வெளியிட்ட தம் ஆராய்ச்சி நூலில், அவ்வாண்டின் உணவு இருப்பு முந்தைய ஆண்டுகளைவிடப் பெரிதும் குறைந்திருக்கவில்லை என்று காட்டினார். விலை ஏறும் என்ற எதிர்பார்ப்பும் அச்சமும் அரிசியை அறைகளுக்குள் பூட்டின. நிலமற்ற கூலியாட்கள் அதை வாங்க இயலாது மடிந்தனர்.

இத்தகைய கொடுமைகள் மீண்டும் நேராதிருக்கவே வணிகரின் இருப்புக்கு வரம்பு கட்டும் அதிகாரத்தை அரசுக்கு அளிக்கும் அத்தியாவசியப் பொருள்கள் சட்டம் 1955ஆம் ஆண்டில் இயற்றப்பட்டது. 1965ஆம் ஆண்டு இந்திய உணவுக் கழகம் தோன்றியது. அதன் முதல் மாவட்ட அலுவலகம் நம் தஞ்சாவூரில் அமைந்தது. நியாயவிலைக் கடையை நாட்டின் பொதுக் குதிர் என்றே சொல்லலாம். ஆனால் எந்தச் சட்டமும் ஒரு குடும்பத்தலைவனின் கைப்பையைப் பிரித்துப் பார்ப்பதில்லை. அங்கே காவல் நிற்கவேண்டியது அவன் மனச்சான்றே.

அந்தக் காவலில் நான் தவறிய நாள் ஒன்று உண்டு. 2020ஆம் ஆண்டு மார்ச்சு 24. அன்று மாலை 6 மணி முதல் தமிழ்நாட்டில் நோய்த் தொற்றைத் தடுக்கத் தடையுத்தரவு. மளிகைக் கடைகள் திறந்திருக்கும் என்று அரசு முன்பே அறிவித்திருந்தது. வீட்டில் நானும் என் மனைவியும் இருவரே. ஒரு மாதத்துக்கான பொருள்களும் இருந்தன. ஆயினும் கூட்டத்தைக் கண்டதும் என் கால்கள் தாமாகவே கடையை நோக்கி நடந்தன. துவரம்பருப்பு 8 கிலோ வாங்கினேன். பையைக் கட்டிக்கொண்டிருக்கும்போது, சித்தாள் வேலை செய்யும் ஓர் அம்மையார் வந்தார். அவருடைய மகன் என் பள்ளியில் படித்தவன். ஐம்பது ரூபாயை நீட்டி அரைக் கிலோ பருப்புக் கேட்டார். கடைக்காரர், “தீர்ந்துவிட்டது அம்மா. இப்போதுதான் சார் வாங்கினார்” என்றார். அவர் என்னைப் பார்த்து, “இருக்கட்டும் சார், உங்கள் வீட்டுக்கும் வேண்டுமே” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். பையை அவிழ்க்க என் கைகள் எழவில்லை.

இரவு என் மனைவியிடம் சொன்னேன். அவள் ஒன்றும் பேசவில்லை. மறுநாட் காலை இரண்டு கிலோ பருப்பை எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனாள். திரும்பி வந்தபோது, பையில் ஒன்றரைக் கிலோவும் கையில் ஐம்பது ரூபாயும் இருந்தன. “எனக்கு அரைக் கிலோதான் வேண்டும், மீதி வேறு யாருக்காவது ஆகும்” என்று அந்த அம்மையார் சொல்லியனுப்பியிருந்தார். தம் தேவையின் அளவை அறிந்திருந்தவர் அவர். பல்லாண்டுகள் கணக்குக் கற்பித்த நான் அறிந்திருக்கவில்லை. ஆடி மாதத்தில் டப்பாவைத் திறந்தபோது, எஞ்சிய பருப்பில் வண்டு விழுந்திருந்தது. மூன்று கிலோவைக் குப்பையில் கொட்டினேன். கொட்டும்போது அந்த ஐம்பது ரூபாய் என் நினைவை விட்டு அகலவில்லை.

ஆகவே நண்பர்களே, முறையாகச் சேமிக்கும் வழியைச் சுருக்கமாகச் சொல்கிறேன். முதலாவது, கணக்கு. ஒரு மாதம் உங்கள் வீட்டில் எந்தப் பொருள் எவ்வளவு செலவாகிறது என்று குறிப்பேட்டில் எழுதுங்கள். அளவு தெரிந்தால் அச்சம் பாதி நீங்கும். இரண்டாவது, வழக்கமாக உண்பதை மட்டும் சேருங்கள். உண்ணாத பொருள் எவ்வளவு மலிவாயினும் வேண்டா. மூன்றாவது, சிறிது சிறிதாக, அமைதியான நாள்களில் வாங்குங்கள்; இதற்காகக் கடன் படுதல் கூடாது. நான்காவது, பழையதை முன்னும் புதியதைப் பின்னும் வைத்துக் குதிரின் முறையைப் பின்பற்றுங்கள். ஐந்தாவது, பொருளின் இயல்பறிந்து காத்து வையுங்கள். நன்கு காய்ந்த அரிசியும் பருப்பும் ஈரமில்லாத, மூடிய கலத்தில் பல மாதம் நிற்கும். வசம்பும் வேப்பிலையும் இட்டு வைப்பது நம் முன்னோர் கண்ட முறை. எண்ணெயும் மாவும் நெடுநாள் நில்லா. சிக்கல் வாடை ஏறிவிடும். பெட்ரோல் போன்ற எரிபொருள்களை வீட்டில் சேர்த்து வைத்தல் பேராபத்து. நாள்தோறும் மருந்து உட்கொள்ளும் முதியோர் இருந்தால், மருத்துவரைக் கேட்டு அம்மருந்தைச் சில வாரங்களுக்கு முன்னதாகவே வாங்கி வையுங்கள். இவை யாவற்றுக்கும் மேலாக, வதந்தி எழுந்த நாளன்று, வீட்டில் இருப்பு இருக்குமாயின், கடைக்குப் போகாதிருங்கள். பொருளே இல்லாத வீட்டார் தம் தேவைக்குப் போகட்டும், அது குற்றமாகாது.

இறுதியாக, ஆசிரியனாக இருந்த பழக்கத்தால் ஒரு வீட்டுப்பாடம் தருகிறேன். இன்று இரவே உங்கள் அன்னையாரிடமோ, வீட்டில் சமைப்பவர் எவரிடமோ சென்று, “நம் வீட்டில் மாதம் எத்தனை கிலோ பருப்புச் செலவாகிறது?” என்று கேளுங்கள். விடையை எழுதிக்கொள்ளுங்கள். அதன் கீழே, பாட்டியார் சொன்னாரே, ‘அவர்கள் கணக்கு’ என்று, அதற்கும் ஒரு வரி விட்டு வையுங்கள்.