தகப்பனும் சேர்ந்து கொடுத்த நிறம்



என் மகள் வெள்ளைமுடியோடு பிறந்த அன்று, வார்டில் ஒரு பாட்டி துணியை விலக்கிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "கிரகணத்தன்னிக்கு வெளியே வந்தியாடி?" வீட்டுக்கு வந்தேன். புள்ள யார் ஜாடை என்றார்கள். அந்தக் கேள்விக்குப் பதினோரு வருஷம் கழித்து இந்த மேடையில் பதில் சொல்கிறேன். அவளுக்கு இருப்பது அல்பினிசம்: தோலிலும் முடியிலும் கண்ணிலும் நிறமி குறைந்திருக்கும் நிலை. அது பெரும்பாலும் தாயிடமிருந்து மாறிய மரபணு ஒன்று, தகப்பனிடமிருந்து ஒன்று என்று இரண்டும் சேர்ந்தால்தான் வரும். இருவரிடமும் அது இருந்தால் ஒவ்வொரு பிரசவத்திலும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு. ஆக, இது தகப்பனும் சேர்ந்து கொடுத்த நிறம்! சொந்தத்தில் கட்டினால் அந்த வாய்ப்பு கூடும். சொத்து வெளியே போகக்கூடாது என்று தாய்மாமனுக்கே கட்டிவைத்தவர்கள் பெரியவர்கள். பழி மட்டும் பெற்றவள் தலையிலா?

நிறம்கூடப் பெரிதில்லை. கண்ணைப் பாருங்கள். என் மகளின் கருவிழி நிற்காமல் ஆடிக்கொண்டே இருக்கும். தலையை ஒரு பக்கமாகத் திருப்பினால் ஆட்டம் குறைகிறது என்று அவளே சின்ன வயதில் கண்டுபிடித்துக்கொண்டாள். தலையைத் திருப்பி, புத்தகத்தை மூக்கில் உரச வைத்துத்தான் படிப்பாள். ஒரு டீச்சர் அவள் தாடையைப் பிடித்து நேராக நிமிர்த்தி, "ஒழுங்கா உக்காந்து படி" என்றார். நிமிர்ந்ததும் எழுத்து கலைந்துவிட்டது. பிள்ளை அழுதாள், அதற்கும் திட்டு.

ஊரில் நாங்கள் மட்டும்தான் இப்படி என்று ஒன்பது வருஷம் நினைத்திருந்தேன். ஒரு வெள்ளிக்கிழமை சிறுவாச்சூர் மதுரகாளியம்மன் கோயிலில், அம்மாவின் முந்தானைக்குள் முகத்தை மறைத்துக்கொண்டு ஒரு பையன். அதே வெள்ளைமுடி, அதே கண். ஜெயங்கொண்டம் பக்கத்துக்காரர்கள். அவன் அம்மாவும் நானும் கையைப் பிடித்துக்கொண்டு அழுதோம். முழுக்கைச் சட்டை, தொப்பி, முதல் பெஞ்சு, வெயிலில் விட்டால் தோலில் புற்றுநோய் வரும் ஆபத்து என்று அந்த அக்கா அரை மணி நேரத்தில் சொன்னதை அதுவரை எனக்கு யாரும் சொன்னதில்லை.

2016 மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் 21 வகைக் குறைபாடுகள் இருக்கின்றன. அல்பினிசம் என்ற பெயர் அதில் இல்லை. குறைபார்வை இருக்கிறது. அந்த வழியில் சான்றிதழ் கேளுங்கள், வெள்ளையாய் இருப்பது ஊனமா என்று திருப்பி அனுப்பினாலும் விடாமல் கேளுங்கள்! கென்யா 2019 கணக்கெடுப்பில் அல்பினிசம் உள்ளவர்களைத் தனியாக எண்ணியது: 9,729 பேர். நம் பிள்ளைகள் எத்தனை பேர் என்று நம் நாட்டுக் கணக்கெடுப்பில் தனியாக எண்ணியதில்லை. எண்ண வைக்க நாமும் கூட வேண்டும். வெண்புள்ளி உள்ளவர்கள் இயக்கமாகக் கூடிப் போராடித்தானே 'வெண்குஷ்டம்' என்ற சொல்லை அரசையே கைவிட வைத்தார்கள்?

வருகிற திங்கட்கிழமை மனுநாள். இவற்றைக் கேட்க பெரம்பலூர், அரியலூர் இரண்டு கலெக்டர் ஆபீசுக்கும் போகிறோம். பிள்ளைகளை வீட்டில் பூட்டிவிட்டு வராதீர்கள், கூட்டிக்கொண்டு வாருங்கள். குடை நாங்கள் கொண்டுவருகிறோம்.