மானிடவியல் பட்டமும் மாதச் சம்பளமும்
(ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



பிள்ளைகளைக் கல்லூரியில் சேர்க்கும் காலம் நெருங்கும்பொழுது, நம் குடியிருப்பின் ஒவ்வோர் இல்லத்திலும் எழும் வினா ஒன்றே: “இதைப் படித்தால் என்ன வேலை கிடைக்கும்?” பொறியியலுக்கும் கணக்கியலுக்கும் விடை எளிது. மகளோ மகனோ “மானிடவியல் படிக்கப் போகிறேன்” என்று சொல்லிவிட்டால், வீட்டில் பேச்சு நின்றுவிடுகிறது. சம்பளத்தில் மிச்சம் பிடித்த பணத்தையும், பிள்ளையின் ஐந்தாறு ஆண்டுகளையும் ஒரு படிப்பில் இடும் பெற்றோர், அதன் வருவாயைக் கேட்பதில் இழுக்கு ஏதுமில்லை. ஆகவே அவ்வினாவுக்கு நேராகவே விடை காண்போம்.

மனிதனின் உடலமைப்பு, மரபு, மொழி, உறவுமுறை, வாழ்வுமுறை ஆகியவற்றை ஒருங்கே ஆராய்வது மானிடவியல். இந்தியப் பல்கலைக்கழகங்களுள் இதற்கென முதன்முதல் துறை கண்டது நாம் வாழும் இந்நகரத்துப் பல்கலைக்கழகமே, ஆண்டு 1920. அத்துறை உருவாகத் துணைநின்றவர்களுள் ஒருவர் பாலக்காட்டில் பிறந்த தமிழரான எல். கே. அனந்தகிருஷ்ண ஐயர். எழுத்தராகத் தொடங்கி ஆசிரியராக உயர்ந்தவர் அவர். 1902-இல் கொச்சி சமஸ்தானத்து மக்களைப் பற்றிய ஆய்வுப் பணி அவரிடம் வந்தது. வார நாட்களில் கல்லூரியில் பாடம் சொன்னார். விடுமுறை நாட்களில் ஊதியமின்றி அப்பணியைச் செய்தார். மானிடவியலில் அவர் பட்டம் பெற்றவரும் அல்லர். ராஞ்சியில் அரும்பணி ஆற்றிய சரத் சந்திர ராயோ வழக்கறிஞர். முன்னோடிகளுக்குச் சோறிட்டது வேறு தொழில் என்பது இதனால் விளங்கும். இன்று அந்நிலை மாறியிருக்கிறது. எவ்வளவு மாறியிருக்கிறது என்பதே கேள்வி.

முதலாவது, அரசுப் பணியும் ஆசிரியப் பணியும். 1945-இல் காசியில் தொடங்கி 1948-இல் இந்நகருக்கு வந்த இந்திய மானிடவியல் அளவைத் துறையின் தலைமையகம் இங்கேயே இருக்கிறது. பழங்குடியினர் ஆய்வு நிறுவனங்களும் அருங்காட்சியகங்களும் பல மாநிலங்களில் உள்ளன. ஆனால் அவற்றில் இடங்கள் மிகச் சில. பல்கலைக்கழக உதவிப் பேராசிரியருக்கு ஏழாம் ஊதியக் குழுவை ஒட்டிய தொடக்க அடிப்படை ஊதியம் ரூ. 57,700. குறைந்த தொகையன்று. அதற்கு முதுகலைப் பட்டத்துடன் தேசியத் தகுதித் தேர்விலோ முனைவர் ஆய்விலோ வெற்றி வேண்டும். தேர்வில் முன்னிலை பெற்று ஆய்வில் சேர்வோர்க்கு வழங்கும் இளநிலை உதவித்தொகை 2023 சனவரி முதல் மாதம் ரூ. 37,000 ஆக உயர்ந்தது. எப்படியாயினும் நிலையான வேலை கிட்டுமுன் வயது இருபத்தைந்தைக் கடந்துவிடும். உடன் படித்த பொறியாளர் அதற்குள் சில ஆண்டுகள் சம்பாதித்திருப்பார். அந்த இழப்பையும் கணக்கில் எழுதத்தான் வேண்டும்.

இரண்டாவது, குடிமைப்பணித் தேர்வு. முதன்மைத் தேர்வின் எழுத்துப் பகுதிக்குரிய 1,750 மதிப்பெண்களில் விருப்பப்பாடத்திற்கு 500 உண்டு. மானிடவியல் அவ்விருப்பப்பாடங்களுள் ஒன்று. ஆயினும் வேறு பட்டம் பெற்றவரும் அப்பாடத்தை எடுத்து எழுதலாம். எனவே பட்டம் அங்கே ஓர் உதவியே. உரிமைச் சீட்டு அன்று.

மூன்றாவது, பலரும் அறியாத வழி. 2013-ஆம் ஆண்டு நிலம் கையகப்படுத்தும் சட்டம், குடிகளை அப்புறப்படுத்தும் திட்டங்களுக்குச் சமூகத் தாக்க மதிப்பீட்டை விதியாக்கியது. ஊருக்குள் சென்று, மக்கள் எதை இழப்பர் என்று கேட்டறிந்து எழுத ஆள் வேண்டும். வணிக உலகிலும் இத்தேவை உண்டு. கணிப்பொறிச் சில்லு செய்யும் இன்டெல் நிறுவனம் 1998-இலேயே ஜெனீவீவ் பெல் என்னும் மானிடவியலாளரைப் பணியில் அமர்த்தியது. பொருளை வாங்குவோர் அதை வீட்டில் எவ்வாறு பயன்படுத்துகிறார் என்று அறிவதற்காகவே. ஆனால் இவ்வேலைகள் “மானிடவியலாளர் தேவை” என்று விளம்பரம் செய்து வருபவை அல்ல. ஆய்வாளர், மதிப்பீட்டாளர் என்ற பெயர்களில் வருபவை. அங்கே சம்பளத்தை உறுதி செய்வது பட்டத்தின் பெயரன்று, கையிலுள்ள திறமை.

ஆகையால் இப்படிப்பை நாடும் மாணவர்க்கு மூன்று சொல்வோம். புள்ளியியலைப் பழுதறக் கற்றுக்கொள்ளுங்கள். தெளிவாக அறிக்கை எழுதப் பழகுங்கள். கட்டணம் குறைந்த அரசுப் பல்கலைக்கழகத்தையே நாடுங்கள். உதவித்தொகை இல்லாமல் பெருங்கடன் பட்டு இதைப் படித்தல் அறிவுடைமையாகாது.

நம் பிள்ளைகளுக்கு ஒரு தனி முதலும் இருக்கிறது. வீட்டில் தமிழ், தெருவில் வங்காளம், பள்ளியில் ஆங்கிலமும் இந்தியும் என்று வளர்ந்தவர்கள் அவர்கள். பிறர் வழக்கத்தைப் பழிக்காமல் கவனிக்கும் பழக்கம், அயலூரில் குடியிருப்போர்க்குத் தானே அமைகிறது. மானிடவியலாளர் களத்தில் பல்லாண்டு பயின்று பெறுவது இதைத்தான்.

பெற்றோர்களே! இப்பட்டம் பொன் விளையும் நிலமும் அன்று, வெறுந்தரையும் அன்று. மெதுவாக விளையும் நிலம். முதல் சில ஆண்டுகள் வீடு தாங்குமா என்று கணக்கிட்டுப் பாருங்கள். தாங்குமெனில், “வேண்டாம்” என்று சொல்லுமுன், “ஐந்தாண்டுகளுக்குப் பின் என்ன செய்வாய்?” என்று கேளுங்கள். அதற்குத் தெளிவான விடை தரும் மகளை, அச்சத்தின் பொருட்டு வேறு படிப்பிற்குத் திருப்ப வேண்டியதில்லை. விடை தெரியாத மகன், எப்பட்டம் பெற்றாலும் தடுமாறவே செய்வான்.