சிரிப்பூட்டும் வாயுவும் மோட்டார் எஞ்சினும்

இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானிய விமானங்களுக்கு உயர்வானில் வலிமையூட்டிய நைட்ரஸ் ஆக்ஸைடை, அமெரிக்க இளைஞர் சிலர் தொழிற்சாலையினின்று வந்தபடியே உள்ள மோட்டார் எஞ்சினிலும் செலுத்துகின்றனர். இவ்வாயு தானே எரிவதன்று; எஞ்சினின் வெப்பத்திற் சிதைந்து பிராணவாயுவை ஈகின்றது. நூறு பங்கு எடையில் காற்றில் 23 பங்கே பிராணவாயு, இதிலோ 36. ஆகவே பெட்ரோலையும் அதற்கேற்பக் கூட்டியே தீரவேண்டும். குறைந்தால் பிஸ்டன் உருகும். வார்ப்புப் பிஸ்டன் சிறிதும் பொறுக்காது. தீப்பொறியும் சற்றுப் பிந்தி எழுதல் நன்று. மிதிகட்டை முழுதும் அழுந்தி, எஞ்சின் விரைந்து சுழலும்போதன்றி வால்வைத் திறத்தல் ஆகாது. மந்தச் சுழற்சியில் திறந்தால், காற்று புகும் குழாயே வெடிக்கக்கூடும். வாயுக் கலத்தைத் தீயிற் காட்டிச் சூடேற்றுவோரும் உளராம். அதனினும் பேதைமை வேறென்ன? அழுத்தம் மிகின் வாயு வெளியேறும் குழாயை வண்டிக்குப் புறத்தே நீட்டிவைத்தல் வேண்டும். உள்ளே கசிந்தால் ஓட்டுநரே மயங்கிவிடுவார்.